கல்லிடை ஓடும் காவிரி: ஒகேனக்கல் பள்ளத்தாக்கு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படும் பள்ளத்தாக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

கர்நாடகத்தின் கனகபுரா வட்டத்தில் அர்க்காவதி ஆறு காவிரியோடு சேரும் சங்கமத்திலிருந்து, மேகதாது, ராசிமணல், பிலிகுண்டுலு, ஒகேனக்கல் ஆகிய இடங்களைக் கடந்து, மேட்டூர் நீர்த்தேக்கத்தின் தலைப்பகுதி வரை நீளும் ஆற்றுப் பகுதியும் அதன் இருபுறத்து மலைக்காடுகளும் இங்கே ஒரே பள்ளத்தாக்காகக் கொள்ளப்படுகின்றன. இதில் ஏறத்தாழ 64 கிலோமீட்டர் தொலைவுக்கு ஆறே இரு மாநிலங்களின் எல்லையாக இருக்கிறது. இடக்கரையில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் மேலகிரி மலைத்தொடரும், வலக்கரையில் சாமராஜநகர் மாவட்டத்தின் மாதேஸ்வரன் மலைக்காடுகளும் நிற்கின்றன.

ஈரோட்டுக்குக் கீழே காவிரியின் இருகரையிலும் வாய்க்காலும் வயலும் வந்துவிட்டன. இங்கே வரவில்லை. ஆறு ஆழத்தில் ஓடுகிறது, கரை செங்குத்தாக எழுகிறது, கால் வைக்கும் இடமெல்லாம் பாறை. தண்ணீரை மேலேற்றி உழுவதற்கு வழியே இல்லை. இந்தக் காட்டை முதலில் காப்பாற்றியது கல்தான். சட்டம் வெகு காலம் கழித்தே வந்து சேர்ந்தது. பின்வரும் பதில்களில் பலவும் இந்த ஒரு செய்தியைத்தான் சுற்றி வருகின்றன.

இங்குள்ள பாறைகள் உண்மையிலேயே அவ்வளவு பழமையானவையா?

ஆம். பள்ளத்தாக்கின் பெரும்பகுதி சார்னோக்கைட், நைஸ் எனும் கடினப் பாறைகளால் ஆனது. பூமியின் மேலோட்டில் மிக ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறி, மேலிருந்த சுமை காலப்போக்கில் அரித்துச் செல்லப்பட்ட பிறகு வெளியே தெரிந்தவை இவை. சார்னோக்கைட் என்ற பெயர், கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் குடியிருப்பை நிறுவியவராக அறியப்படும் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லிலிருந்து வந்தது; அந்தக் கல்லோ சென்னைப் பகுதியிலிருந்து போனது. பல்லாவரம் குவாரிகளில் கருநீலச் சாயலோடு உடைக்கப்பட்ட கல்லைப் பார்த்தவர்களுக்கு ஒகேனக்கல் பாறை புதிதாகத் தோன்றாது.

புவியியலாளர்களைக் கூடுதலாக ஈர்ப்பது இந்த வட்டாரத்தில் சிறுசிறு திட்டுகளாகக் காணப்படும் கார்பனடைட் பாறை. பொதுவாகச் சுண்ணாம்புக் கனிமம் கடல் படிவாகவே உருவாகும். இந்தப் பாறையில் அது எரிமலைக் குழம்போடு சேர்ந்து அடியாழத்திலிருந்து மேலே வந்து உறைந்திருக்கிறது. ஒகேனக்கல் கார்பனடைட்டின் வயது சுமார் 240 கோடி ஆண்டுகள் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. உலகில் அறியப்பட்ட மிகப் பழைய கார்பனடைட்டுகளின் வரிசையில் இதுவும் ஒன்று. அருவிக்கரைக்கு வரும் கூட்டத்தில் இதை அறிந்தவர் மிகக் குறைவு. ஒரு தகவல் பலகை வைப்பதற்குத் தகுதியான செய்தி இது.

அருவி ஒன்றாக இல்லாமல் பல கிளைகளாக விழுவது ஏன்?

கடினப் பாறையில் ஆறு விரும்பிய இடத்தில் வழி வெட்டிக்கொள்ள முடியாது. பாறையில் ஏற்கெனவே இருக்கும் விரிசல்களையும் பிளவுகளையும் தேடி நுழைந்து, அவற்றைத்தான் அகலப்படுத்தும். ஒகேனக்கலில் அகன்று வரும் காவிரி பாறைத் திட்டுகளிடையே பல கால்களாகப் பிரிந்து, ஒவ்வொரு காலும் அதற்குக் கிடைத்த பிளவின் வழியாக ஏறத்தாழ 20 மீட்டர் வரை ஆழமுள்ள ஒடுங்கிய பள்ளத்துக்குள் விழுகிறது. பெரிய அருவி, ஐந்தருவி, சினி ஃபால்ஸ் என மக்கள் தனித்தனிப் பெயர் சொல்லும் எல்லாமே ஒரே ஆற்றின் பிரிந்த கால்கள்தாம். விழுந்த நீர் மீண்டும் ஒன்றுகூடி, செங்குத்துச் சுவர்களுக்கிடையே நெருங்கி ஓடும் அந்த ஒடுக்கத்தில்தான் பரிசல்கள் செல்கின்றன.

நீர் வற்றிய கோடையில் பாறையை நெருங்கிப் பார்த்தால் ஆற்றின் வேலை தெளிவாகத் தெரியும். கையளவிலிருந்து ஆள் இறங்கி நிற்கும் அளவு வரை வட்டக் குழிகள், விளிம்பு மழமழவென்று, அடியில் உருண்டைக் கூழாங்கற்களோடு கிடக்கும். வெள்ளத்தின் சுழியில் சிக்கிய கூழாங்கல், ஆட்டுக்கல்லில் குழவி சுழல்வதுபோல் ஒரே இடத்தில் சுழன்று குடைந்தவை அவை. பல குழிகளின் இடைச்சுவர் தேய்ந்து அவை ஒன்றாகும்போதுதான் ஒரு புதிய நீர்வழி திறக்கிறது.

மலைகள் காய்ந்து கிடக்கும்போது ஆற்றில் வெள்ளம் எப்படி வருகிறது?

இங்கே விழும் தண்ணீர் இங்கே பெய்த மழை அன்று. தென்மேற்குப் பருவமழை குடகிலும் வயநாட்டிலும் கொட்டும்போது, கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகள் நிரம்பி, உபரிநீர் திறக்கப்பட்டு, பிலிகுண்டுலு வழியாக ஒகேனக்கலை அடைகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கும் இந்தப் பள்ளத்தாக்குக்கு அந்த மழையில் சிறு பங்குதான் கிடைக்கும். அதனால் ஆடி மாதத்தில், சரிவெங்கும் முள்மரங்கள் வாடிநிற்க, நடுவில் செந்நீர் நுரைத்துப் பாய்வதைக் காணலாம். 2018, 2024 ஆம் ஆண்டுகளில் நீர்வரத்து விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடியைத் தாண்டி, ஐந்தருவியும் பெரிய அருவியும் பாறையோடு சேர்ந்து மூழ்கின. கடுங்கோடையிலோ அதே இடத்தில் சில நூறு கனஅடி மட்டும் வருவதும் உண்டு.

காட்டின் அமைப்பையும் இதுவே தீர்மானிக்கிறது. கரையோரத்தில் நீர்மருது, நாவல், புங்கம், புளி ஆகியவை அடர்ந்து ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கும் ஒரு குறுகிய பட்டை. அதிலிருந்து சில நூறு அடி ஏறினால் வேலம், ஊஞ்சை, மூங்கில், கள்ளி என்று இலையுதிர் காடும் முட்காடும். மேலகிரியின் உயர்ந்த முகடுகளில் மட்டும் ஓரளவு ஈரமான காடு மீண்டும் தலைகாட்டுகிறது.

இந்தப் பகுதிக்குச் சட்டப் பாதுகாப்பு எப்போது கிடைத்தது?

1882 ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகு இங்குள்ள காடுகள் படிப்படியாகக் காப்புக்காடுகளாயின. அவற்றின் நோக்கம் பெரும்பாலும் மரமும் சந்தனமும் அரசின் கையில் இருக்க வேண்டும் என்பதே. விலங்குகளைக் காப்பது அப்போது முதன்மையான கவலையாக இருக்கவில்லை.

வனவிலங்குகளுக்கான பாதுகாப்பில் கர்நாடகம் முந்திக்கொண்டது. அங்கே 1987 இல் காவிரி வனவிலங்கு சரணாலயம் அமைக்கப்பட்டு, பின்னர் ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேலாக விரிவுபடுத்தப்பட்டது. தமிழ்நாட்டுக் கரையில் 2014 இல்தான் 504.33 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2022 நவம்பரில் 686.40 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டபோது, அது மாநிலத்தின் பதினேழாவது சரணாலயமாயிற்று. பரப்பைவிட அது அமைந்திருக்கும் இடமே முக்கியமானது. வடக்குச் சரணாலயத்தையும் கர்நாடகச் சரணாலயத்தையும் அது இணைக்கிறது. அங்கிருந்து மாதேஸ்வரன் மலை, பிலிகிரிரங்கன் மலை, சத்தியமங்கலம் என்று காடு அறுபடாமல் தொடர்கிறது. யானைக்கும் புலிக்கும் மாநில எல்லை தெரியாது என்பது பலரும் சொல்லித் தேய்ந்த வாக்கியம். ஆனால் ஆற்றின் ஒரு கரை காக்கப்பட்டு மறுகரை விடுபட்டிருந்த 27 ஆண்டுகளை நினைத்தால் அதை இன்னொரு முறை சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

எந்த உயிரினங்களுக்காக இந்தப் பகுதி தனித்துச் சொல்லப்படுகிறது?

காவிரி தெற்குச் சரணாலயத்தை அறிவித்தபோது 35 வகைப் பாலூட்டிகளும் 238 வகைப் பறவைகளும் அங்கே பதிவாகியிருப்பதாக அரசு தெரிவித்தது. யானை, சிறுத்தை, கடமான், புள்ளிமான், நாற்கொம்பு மான் ஆகியவை அந்தப் பட்டியலில் வரக்கூடியவையே. இந்தப் பள்ளத்தாக்கின் தனித்தன்மை ஆற்றங்கரையை விட்டு அகல முடியாத உயிர்களில் இருக்கிறது.

சாம்பல் நிற மலை அணிலை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் அது ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயத்தோடு சேர்த்தே பேசப்படுவது வழக்கம். காவிரிக்கரையின் மருத மரங்களும் அதன் முக்கிய வாழிடம். கிளைக்குக் கிளை தாவியே செல்லும் அது தரையில் இறங்க அஞ்சும். கரையோர மரப்பட்டையில் ஓரிடத்தில் நான்கைந்து மரங்கள் வெட்டப்பட்டாலும் அதன் பாதை அங்கே அறுந்துவிடும்.

ஆற்றுக்குள் நீர்நாய்கள் குடும்பமாக மீன் வேட்டையாடுகின்றன. முதலைகள் மணல்திட்டுகளில் வெயில் காய்கின்றன. லீத் மென்ஓட்டு ஆமை, உலக அளவில் மிகவும் அருகிவிட்ட இனங்களில் ஒன்று, இங்கே இன்னும் இருக்கிறது. மூன்றுக்கும் பொதுவான தேவை ஒன்று உண்டு: ஓடும் ஆறு வேண்டும், அதில் ஆழமான மடு வேண்டும், மடுவின் ஓரத்தில் மணலோ பாறையோ வெளியே தெரிய வேண்டும்.

காவிரியின் மஹ்சீர் மீன் அழிந்துவிட்டதா?

அழியவில்லை, அழிவின் விளிம்பில் இருக்கிறது. முதுகில் திமிலும் செம்மஞ்சள் துடுப்புகளும் கொண்ட இந்த மஹ்சீர், காவிரி ஆற்றுத் தொகுதிக்கே உரியது. 1946 இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் குடும்பத்தவர் ஒருவர் கபினியில் தூண்டிலில் பிடித்த மீன் 120 பவுண்டு, அதாவது 54 கிலோவுக்கு மேல், எடை இருந்தது. தூண்டில்காரர்கள் தலைமுறைகளாக அறிந்திருந்த இந்த மீனுக்கு அறிவியல் அடையாளம் தெளிவாக உறுதிசெய்யப்பட்டது 2018 இல்தான். அதே ஆண்டில் அது மிகவும் ஆபத்தான நிலையில் உள்ள இனமாகவும் பட்டியலிடப்பட்டது. பெயர் கிடைத்ததும் ஆபத்துப் பட்டியலில் ஏறியதும் ஏறத்தாழ ஒன்றாக நடந்தன.

காரணங்கள் பல. ஆற்றில் வெடி வைத்து மீன் பிடிக்கும் பழக்கம் ஒரு மடுவில் உள்ள குஞ்சு குளுவான் அனைத்தையும் ஒரே நொடியில் கொன்றது. அணைகள் முட்டையிடச் செல்லும் வழியை மறித்தன. இவற்றோடு நல்லெண்ணத்தில் செய்யப்பட்ட ஒரு செயலும் சேர்ந்துகொண்டது: மஹ்சீர் குறைகிறதே என்று, லோனாவாலா பொரிப்பகத்தில் வளர்க்கப்பட்ட நீலத்துடுப்பு மஹ்சீர் குஞ்சுகள் காவிரியில் விடப்பட்டன. அவை பெருகின. சொந்த இனம் ஒதுங்கியது. மஹ்சீரின் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர்களுக்கு ஆறு செழிப்பதாகவே தோன்றியது.

ஒகேனக்கல் கடைகளில் மசாலா தடவி வரிசையாக அடுக்கிவைக்கப்படும் மீன்கள் பெரும்பாலும் கட்லா, ரோகு, ஜிலேபி போன்றவை. இவையும் காவிரிக்கு வெளியிலிருந்து வந்தவையே.

யானைகள் ஊருக்குள் வருவது ஏன்?

ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகையில் கர்நாடகக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் நகர்கின்றன. அது பழைய வலசைப் பாதை. அந்த மாதங்களில்தான் தளி, அஞ்செட்டி வட்டாரங்களில் கேழ்வரகு கதிர் முற்றுகிறது. காட்டுப்புல்லை நாள் முழுதும் மேய்ந்து பெறும் சத்தை ஒரு கேழ்வரகுக் கொல்லையில் சில மணி நேரத்தில் பெற்றுவிடலாம் என்பதை யானை அறிந்துவிட்டால், அகழியும் சோலார் வேலியும் அதற்குத் தாண்டக்கூடிய தடைகளாகவே படும். அண்மைக் காலத்தில் வலுவான இரும்புவட வேலிகளும் போடப்படுகின்றன. இழப்பீடு உண்டு, ஆனால் பரண்மேல் தீப்பந்தத்தோடும் தகரடப்பாவோடும் இரவெல்லாம் விழித்திருப்பவரின் தூக்கத்துக்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை.

இங்கே மனித வரலாறு எவ்வளவு பழையது?

பள்ளத்தாக்குக்குக் கிழக்கேயுள்ள சமவெளி சங்க காலத்துத் தகடூர் நாடு. ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்ததாகச் சொல்லப்படும் அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர் இன்றைய தருமபுரி. இந்த நாடு நெல்லைவிட மாட்டை நம்பி வாழ்ந்தது. அதற்குச் சான்று நடுகற்கள்: ஆநிரை மீட்கும் போரில் இறந்தவனை வில்லோடும் வாளோடும் செதுக்கி, கீழே அவன் பெயரையும் ஊரையும் வெட்டிய கற்கள் தருமபுரி வட்டாரத்தில் ஏராளம், பல தருமபுரி அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. பின்னாளில் பாராமகால் எனப்பட்ட இந்நாடு திப்பு சுல்தானின் ஆட்சியிலிருந்து 1792 ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கம்பெனியாரின் கைக்குப் போயிற்று. மலைகளில் இருளர் போன்ற பழங்குடியினர் தேனும் கிழங்கும் எடுத்து, சிறு கொல்லைகளில் பயிரிட்டு வாழ்ந்தனர். இன்றும் மலைக்கிராமங்களில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே வீட்டில் கலந்து ஒலிப்பது சாதாரணம்.

மேட்டூர் அணை இந்தப் பள்ளத்தாக்கை எப்படி மாற்றியது?

1924 இல் மைசூரும் சென்னை மாகாணமும் செய்துகொண்ட உடன்பாட்டைத் தொடர்ந்து, 1925 இல் தொடங்கி 1934 இல் முடிக்கப்பட்டது மேட்டூர் அணை. 120 அடி நீர்மட்டத்தில் 93.47 டி.எம்.சி. நீர் தேங்கும்போது, பள்ளத்தாக்கின் அகன்ற கீழ்ப்பகுதி முழுவதும் நீருக்குள் போய்விடும். அங்கிருந்த ஊர்களின் மக்கள் வெளியேற்றப்பட்டனர். நீர்மட்டம் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பரிசல்துறைக்கு அருகே ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே வருகின்றன. நாளிதழ்கள் தவறாமல் படம் போடுகின்றன. உழவுக்கு உகந்த தாழ்நிலம் மூழ்கியது, உழ முடியாத பாறை மட்டும் காடாக மிஞ்சியது என்பதே அந்த மாற்றத்தின் சுருக்கம்.

வீரப்பன் காலம் காட்டுக்கு என்ன செய்தது?

வீரப்பன் பிறந்த கோபிநத்தம் ஒகேனக்கலுக்கு எதிர்ப்புறத்துக் காட்டில், கர்நாடக எல்லைக்குள் இருக்கிறது. தந்தத்துக்காகவும் சந்தனத்துக்காகவும் நடந்த வேட்டையில் கொம்பன் யானைகள் குறிவைத்துக் கொல்லப்பட்டதால் ஆண், பெண் விகிதம் சீர்கெட்டது. 1991 இல் வன அதிகாரி சீனிவாஸ் கொல்லப்பட்டார். 1993 இல் பாலாறு கண்ணிவெடித் தாக்குதலில் காவல்துறையினரும் அவர்களுக்கு உதவியவர்களும் உயிரிழந்தனர். 2004 அக்டோபர் 18 அன்று தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக் கொல்லப்படும் வரை, ஆய்வாளர்கள் இக்காட்டுக்குள் நுழைவது அரிதாக இருந்தது. இங்கே எத்தனை நீர்நாய், எத்தனை அணில் என்ற கணக்குகள் பெரும்பாலும் அதன் பிறகே தொடங்கின.

வீரப்பன் இருந்ததால் காடு பிழைத்தது என்று சொல்வோர் உண்டு. மரம் வெட்டும் மற்றவர்கள் அஞ்சியிருக்கலாம். கொல்லப்பட்ட யானைகளையும், வெட்டி ஒழிக்கப்பட்ட சந்தனத்தையும் வைத்துப் பார்த்தால் அந்தக் கூற்று நிற்காது. தேடுதல் வேட்டையில் அதிரடிப்படையினரின் சித்திரவதைக்கு ஆளான மலைக்கிராம மக்களின் புகார்களை தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த சதாசிவா குழு விசாரித்தது என்பதையும் சேர்த்தே இந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

ஆற்றங்கரை மாவட்டத்துக்குத் தனிக் குடிநீர்த் திட்டம் ஏன் தேவைப்பட்டது?

கல்தான் இதற்கும் காரணம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கடினப் பாறையின் கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு கரைந்து நிலத்தடி நீரில் சேர்கிறது. போர்வெல் நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் முன்பற்களில் பழுப்புப் பட்டைகள் படர்ந்தன. வயதானவர்களுக்கு மூட்டு இறுகியது. காவிரி சில மைல் தொலைவில் ஓடினாலும், ஆழப் பள்ளத்திலிருந்து அதை மேலேற்ற வேண்டியிருந்தது. ஜப்பானியக் கடனுதவியோடு திட்டமிடப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008 இல் இரு மாநிலங்களிலும் போராட்டங்களைக் கிளப்பி, 2013 இல் செயல்பாட்டுக்கு வந்தது.

பரிசலில் செல்வது பாதுகாப்பானதா? குளிக்கலாமா?

மூங்கில் பிளாச்சுகளால் வட்டமாகப் பின்னி, முன்பு மாட்டுத்தோலும் இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும் போர்த்திய பரிசல், அடி தட்டையாக இருப்பதால் பாறை நிறைந்த ஆழமற்ற நீரிலும் தட்டாமல் போகும். சுழியில் மாட்டினால் உடையாமல் சுற்றும். நீர்வரத்து உயரும்போது மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் அருவிக் குளியலுக்கும் தடை விதிக்கும். வானம் தெளிவாக இருக்கிறதே என்று அந்தத் தடையை மீறக் கூடாது. வெள்ளம் வரும் வழி மேலே சொல்லப்பட்டிருக்கிறது. உயிர்காப்பு உடை கட்டாயம். அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு வெளியே ஆற்றில் இறங்க வேண்டாம்: வழுக்குப் பாறையும் மடுவும் முதலையைவிட அதிகம் பேரைக் கொல்பவை. காப்புக்காட்டுக்குள் செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும்.

மேகதாது அணை கட்டப்பட்டால் சரணாலயத்துக்கு என்ன ஆகும்?

காவிரிப் பங்கீட்டில் இந்த விவகாரம் பெரிதும் தண்ணீர்க் கணக்காகவே பேசப்படுகிறது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்குக் கிடைக்க வேண்டிய அளவை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது, மேகதாதுவில் 67.16 டி.எம்.சி. கொள்ளளவுள்ள அணை கட்டக் கர்நாடகம் முன்வைத்துள்ள திட்டம் அந்தப் பங்கைப் பாதிக்கும் என்பது தமிழ்நாட்டின் வாதம். அந்த வாதத்தில் அடிபட்டுப்போகும் செய்தி ஒன்று உண்டு: மூழ்கவிருக்கும் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் நிலத்தில் பெரும்பகுதி கர்நாடகத்தின் காவிரிச் சரணாலயத்துக்கு உட்பட்டது. அதிலும் முதலில் மூழ்குவது ஆற்றோர மருதப்பட்டை, மணல்திட்டு, மடு. அதாவது அணிலும் ஆமையும் நீர்நாயும் மஹ்சீரும் வாழும் அந்தக் குறுகிய இடம். மேலே எஞ்சும் முட்காட்டில் இவற்றுக்கு வேலை இல்லை.

தமிழ்நாட்டு விவசாய அமைப்புகள் சில இதற்கு மாற்றாக ராசிமணலில் அணை கேட்கின்றன. பாசனக் கணக்கில் அது வேறுபடலாம். பள்ளத்தாக்கின் கணக்கில் அதே கரையின் வேறொரு பகுதி நீரில் போகும். ஒடுங்கிய பாறைச் சுவர்கள் உழவரைத் தள்ளிவைத்ததால்தான் இந்தக் காடு எஞ்சியது. அணைப் பொறியாளர் தேடுவதும் அதே ஒடுங்கிய பாறைச் சுவர்களைத்தான்.